நடிப்பு வகுப்பில் விளையாட்டு வழியாக இம்ப்ரோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடிப்பு வகுப்பில் இப்போதுதான் சேர்ந்தவர்களுக்கும், சேரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது. ஆரம்ப வகுப்புகள் முழுக்க விளையாட்டாகவே போகிறதே என்று குழம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பு நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இம்ப்ரோ என்று எதைச் சொல்கிறார்கள்?

எழுதி வைத்த வசனம் இல்லாமல், யார் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாமல், எதிரில் இருப்பவர் அந்த நொடியில் என்ன கொடுக்கிறாரோ அதை வைத்து நடிப்பது. இம்ப்ரோவைசேஷன் என்பதைத்தான் வகுப்பில் சுருக்கி இம்ப்ரோ என்கிறோம்.

புதிதாக வந்த சங்கதி இல்லை. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கொமெடியா டெல் ஆர்டே என்ற நாடக வகைக் குழுக்கள் கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேடை ஏறின, வசனம் அங்கேயே பிறந்தது. அந்த மாதிரி 50 கதைச் சுருக்கங்களை ஃபிளாமினியோ ஸ்காலா என்ற நடிகர் 1611இல் அச்சில் கொண்டுவந்தார். யார் வருகிறார், என்ன செய்கிறார், எப்போது வெளியே போகிறார் என்பதெல்லாம் அதில் உண்டு, என்ன பேசினார் என்பது பெரும்பாலும் இருக்காது. ஆனால் அந்த நடிகர்கள் வெறுங்கையோடு போகவில்லை. ஒரே பாத்திரத்தை வருஷக்கணக்கில் செய்தவர்கள், பழகிய சேட்டைகள் நிறைய கைவசம் வைத்திருந்தவர்கள். திடீரென்று வருவதுபோல் தெரிகிற எதற்குப் பின்னாலும் நல்ல பயிற்சி இருக்கிறது.

நடிப்புக் கற்றுக்கொள்ள வந்தால் ஓடிப் பிடித்து விளையாடச் சொல்கிறார்களே, இதில் நடிப்பு எங்கே?

அந்த விளையாட்டிலேயேதான் இருக்கிறது. புதிதாக மேடையில் நிற்பவரின் கவனம் முழுக்கத் தன்மேலேயே இருக்கும். கையை எங்கே வைப்பது, குரல் நடுங்குகிறதா, பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள், அடுத்து என்ன பேசுவது என்று உள்ளே ஒரு ஓட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அவரிடம் போய் "இயல்பா இருங்க", "பதற்றப்படாதீங்க" என்று சொன்னால் பதற்றம் கூடத்தான் செய்யும், ஏனென்றால் அதுவும் தன்னைத் தானே கவனிக்கச் சொல்கிற உத்தரவுதான். விளையாட்டு வேறு வழியாக வருகிறது. கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் அவசரமான ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறது. பந்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தன் முகம் எப்படித் தெரிகிறது என்று யோசிக்க இடமே இல்லை. அந்த நேரத்தில் அவர் உடம்பும் முகமும் குரலும் யாரும் சொல்லாமலேயே உயிரோடு இருக்கும். நடிக்கும்போதும் அதே உயிர் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

இதை ஒரு முறையாக வளர்த்தெடுத்தவர் சிகாகோவைச் சேர்ந்த வயோலா ஸ்போலின் (1906–1994). விளையாட்டை வைத்தே குழுவாக வாழக் கற்றுக்கொடுத்த நீவா பாய்டிடம் பயின்றவர். 1930களின் கடைசியில், பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க அமெரிக்க அரசு நடத்திய டபிள்யூபிஏ வேலைத் திட்டத்தின் கீழ் சிகாகோவில் நாடகப் பொறுப்பாளராக இருந்தார். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை வைத்து வேலை செய்ய வேண்டும், அவர்களிடம் உட்கார்ந்து நடிப்புக் கோட்பாடு விளக்கி ஆகிற காரியம் இல்லை. அதனால் சொல்லித்தர வேண்டிய ஒவ்வொன்றையும் ஒரு விளையாட்டாக்கினார். மேடையில் எங்கே நிற்பது என்பது ஒரு விளையாட்டு, காதுகொடுத்துக் கேட்பது ஒரு விளையாட்டு, இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டுவது ஒரு விளையாட்டு. 200க்கும் மேற்பட்ட பயிற்சிகளோடு அவருடைய நூல் 1963இல் வெளிவந்தது. அவர் மகன் பால் சில்ஸ், 1959இல் சிகாகோவில் செகண்ட் சிட்டி அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். அம்மாவின் விளையாட்டுகள்தான் அங்கே நடிகர்களுக்குப் பயிற்சி.

அப்படியானால் இது வார்ம் அப் இல்லையா?

உடம்பைச் சூடாக்கும், அது உண்மை. ஆனால் "விளையாட்டு முடிந்தது, இனி உண்மையான வகுப்பு" என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். விளையாட்டுதான் பாடம். அது முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து "எங்கே சுலபமாக இருந்தது, எங்கே திணறினோம், எந்த இடத்தில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தோம்" என்று பேசுகிற வகுப்பில் சேருங்கள். வரிசையாக ஆடி முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிற வகுப்பில் பொழுது நன்றாகப் போகும், கையில் ஒன்றும் நிற்காது.

முதல் நாள் என்னென்ன இருக்கும்?

பெரும்பாலும் வட்டமாக நிற்பீர்கள். இல்லாத பந்தை ஒருவர் பெயரைச் சொல்லி எறிவது, கைதட்டலை வட்டம் முழுக்கச் சுற்றிவிடுவது, ஸிப் ஸாப் ஸொப் மாதிரி வேகமாகக் கை மாறுகிற விளையாட்டுகள். எனக்குப் பிடித்தது எண்ணும் விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு குழுவாக 1இலிருந்து 20 வரை எண்ண வேண்டும், யார் வேண்டுமானாலும் அடுத்த எண்ணைச் சொல்லலாம், வரிசை கிடையாது, சைகை கிடையாது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்துவிட்டால் மறுபடியும் 1. முதலில் 4, 5 தாண்டாது. அவசரப்படுகிறவர்கள் அடங்க வேண்டும், ஒதுங்கி நிற்கிறவர்கள் துணிந்து ஒரு எண்ணாவது சொல்ல வேண்டும். இந்த இரண்டும் நடந்தால்தான் 20 வரும். ஒரு சீனுக்குத் தேவையானதும் இந்த இரண்டும்தான்.

எனக்குச் சட்டென்று எதுவும் தோன்றாது. இம்ப்ரோ எனக்கு வருமா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்றும் தோன்றவில்லை என்பவர்களுக்கு உண்மையில் நிறையத் தோன்றுகிறது. தோன்றியதும் "இது ரொம்பச் சாதாரணம்", "இதைச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்" என்று உள்ளே இருந்து ஒரு குரல் அதைத் தள்ளிவிடுகிறது. அடுத்தது வருகிறது, அதையும் தள்ளுகிறது. வெளியே இருந்து பார்த்தால் பேச்சில்லாமல் நிற்கிறார், உள்ளே பத்து யோசனை செத்துக் கிடக்கிறது.

கீத் ஜான்ஸ்டன் (1933–2023) வாழ்நாள் முழுக்க இந்த இடத்தில்தான் கைவைத்தார். லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் நாடகப் பிரதிகள் படிக்கிற வேலையில் தொடங்கி அங்கேயே வகுப்பு எடுத்தவர், பிற்பாடு கனடாவின் கால்கரி நகரத்துக்குப் போனவர். புத்திசாலித்தனமாக எதையாவது கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், உங்களுக்கு வெளிப்படையாகத் தெரிவதைச் சொல்லுங்கள் என்பது அவர் நடிகர்களிடம் ஓயாமல் சொன்னது. உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிவது உங்களுடைய வாழ்க்கையிலிருந்து வருகிறது, பக்கத்தில் இருப்பவருக்கு அது அப்படித் தெரியாது. ஒருவர் கதவைத் தட்டி உள்ளே வருகிறார், நனைந்தவர்போல் கையை உதறுகிறார். "வேற்றுக்கிரகவாசியா நீ?" என்று கேட்டு அசத்தலாம் என்று தோன்றும். வேண்டாம். "குடை கொண்டு போகச் சொன்னேன்ல" என்று சொல்லிப் பாருங்கள். ஒரே வரியில் இரண்டு பேருக்கும் ஒரு வீடு கிடைத்துவிட்டது, ஒரு பழைய சண்டையும் கிடைத்துவிட்டது.

அந்த உள்குரலை அடக்குவதற்கான விளையாட்டுகள் எல்லாமே வேகத்தை நம்பியவை. அறையில் நடந்துகொண்டே கண்ணில் படுகிற பொருளைக் காட்டி வேறு ஏதாவது பெயரைச் சத்தமாகச் சொல்வது ஒன்று, நாற்காலியைக் காட்டி "ஒட்டகம்", ஜன்னலைக் காட்டி "சித்தப்பா" என்று. சரியான பதில் என்று ஒன்று இல்லாததால் தள்ளிவிட எதுவும் இல்லை. இரண்டு நிமிடம் ஆடிவிட்டுச் சுற்றிப் பாருங்கள், நிறங்கள் கொஞ்சம் பளிச்சென்று தெரிவதாகப் பலர் சொல்வார்கள். ஆடியவர்களுக்குப் புரியும்.

நகைச்சுவை வராது எனக்கு. பரவாயில்லையா?

ரொம்ப நல்லது. சிரிக்க வைத்தே தீருவது என்று வருகிறவருக்குத்தான் கஷ்டம். அவர் தன் ஜோக்குக்காகக் காத்திருப்பார், எதிரில் இருப்பவர் சொன்னது காதில் விழாது. சிரிப்பு அதுவாக வரும், இரண்டு பேர் ஒரு விஷயத்தை முழு மனதோடு நம்பிச் செய்யும்போது.

"ஆமாம், அப்புறம்" என்று ஒரு விதி சொல்கிறார்களே. எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டுமா?

எதிரில் இருப்பவர் சொன்ன உலகத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும், அதில் நீங்களும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் விதி. ஒருவர் "டாக்டர், கால் மரத்துப்போச்சு" என்று நொண்டிக்கொண்டு வருகிறார். "நான் டாக்டர் இல்லையே" என்றால் அவர் கட்டியதை இடித்துவிட்டீர்கள், மறுபடியும் அடித்தளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "காலா? நேத்து ஊசி கையிலதானே போட்டேன்" என்றால் டாக்டரையும் ஏற்றுக்கொண்டீர்கள், நேற்று ஒன்று நடந்தது என்பதையும் சேர்த்துவிட்டீர்கள்.

இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பாத்திரமும் எல்லாவற்றுக்கும் சம்மதிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். "சார், நாளைக்கு லீவு வேணும்." "முடியாது." இது மறுப்பு இல்லை. நீங்கள்தான் மேலதிகாரி, அவர் உங்களிடம் வேலை பார்க்கிறார் என்ற உலகத்தை முழுசாக ஒத்துக்கொண்டுதான் அந்த முடியாதைச் சொல்கிறீர்கள். பாத்திரங்கள் சண்டை போடலாம், நடிகர்கள் ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று, உங்களுக்குச் சங்கடமான எதற்கும் இந்த விதியைக் காட்டி யாரும் உங்களைச் சம்மதிக்க வைக்க முடியாது. அதைப் பற்றித் தனியாகக் கீழே.

கண்ணாடி விளையாட்டு எல்லா வகுப்பிலும் வருகிறது. அதில் அப்படி என்ன இருக்கிறது?

இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் அசைவார், இன்னொருவர் கண்ணாடி. ஆரம்பத்தில் அசைகிறவர் எதிராளியை ஏமாற்றப் பார்ப்பார், சடாரென்று கையைத் தூக்குவார், கண்ணாடி பின்தங்கும், இருவரும் சிரிப்பார்கள். அப்போது "பின்னால் வருகிறவர் பின்தங்காதபடி அசையுங்கள்" என்று சொல்வேன். வேகம் தானாகக் குறையும். கை நகர்வதற்கு முன்னால் தோளில் ஒரு சின்ன இறுக்கம் வருகிறது, மூச்சு மாறுகிறது, எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போகிறது, இதையெல்லாம் எதிரில் இருப்பவர் பார்க்கத் தொடங்குவார். பிறகு தலைமை மாற்றச் சொல்வேன், அடுத்து இன்னும் வேகமாக மாற்றச் சொல்வேன், கடைசியில் "யாரும் தலைமை இல்லை, தொடர்வதைத் தொடருங்கள்". இது ஸ்போலின் கொண்டுவந்த கட்டம். எதிரில் தெரிவதை அவர் செய்கிறார், அவரிடம் தெரிவதை இவர் செய்கிறார், அசைவு எங்கிருந்து பிறந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது, ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. வசனமே இல்லாமல் இரண்டு நடிகர்கள் ஒருவரை ஒருவர் இவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பது நடந்துவிட்டால், அதே ஜோடிக்கு உடனே ஒரு சாதாரண சீன் கொடுங்கள், வித்தியாசம் தெரியும்.

இல்லாத கயிற்றை இழுக்கச் சொல்வது எதற்கு?

நடுவில் உள்ள கயிறு இரண்டு பேருக்கும் பொது என்பதற்கு. நீங்கள் ஓரடி இழுத்தால் அவர் ஓரடி முன்னால் வந்தாக வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜெயித்துப் பின்னால் போனால் கயிறு ரப்பராகிவிட்டது என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஜெயிப்பதுபோல் முகத்தைக் கோணி நடிப்பவரை விட்டுவிட்டுக் கயிற்றின் தடிமனை மட்டும் கவனிக்கிறவரைப் பாருங்கள், குதிகால் தரையில் பதியும், மூச்சு வாங்கும், உண்மையாகவே வியர்க்கும்.

ஆளுக்கொரு வார்த்தையாகக் கதை சொல்லும்போது தமிழில் மாட்டிக்கொள்கிறோம். ஏன்?

நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால். ஆளுக்கொரு வார்த்தை என்ற விதியோடு தமிழில் ஆடும்போது முடிக்கிற பொறுப்பு யாருக்கும் வேண்டாம் என்று ஆகிவிடும். "ராஜா", "காட்டுக்கு", "போய்", "மரத்தை", "வெட்டி", "வண்டியில்", "ஏற்றி", "ஊருக்கு", "வந்து"... இப்படி எச்சத்துக்கு மேல் எச்சமாகப் போய்க்கொண்டே இருக்கும், ராஜா கடைசிவரை எதையும் செய்து முடிக்க மாட்டார். முடிப்பதற்குப் பயம், அதுதான் காரணம். "வந்தான்" என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் வெறும் தாளில் ஆரம்பிக்க வேண்டும், அந்தப் பழி நமக்கு வேண்டாம் என்று "வந்து" என்று தள்ளிவிடுகிறோம்.

நான் செய்வது, ஒரு வாக்கியம் அதிகபட்சம் ஆறு வார்த்தை என்று வைத்துவிடுவது. ஆறாவது ஆளுக்கு வேறு வழியே இல்லை, முற்று வைத்துத்தான் ஆக வேண்டும். குழுவுக்குத் தைரியம் வந்தபிறகு அந்த எண்ணிக்கையை எடுத்துவிடலாம். அப்புறம் பாருங்கள், மூன்றாவது வார்த்தையிலேயே "செத்தான்" என்று ஒருவர் போட்டு உடைப்பார், கதை பாய்ந்து போகும். "பிறகு", "ஆனால்" மாதிரி சின்ன வார்த்தை வாய்க்கிறவர்கள் முகம் வாடுவதும் உண்டு. அதையும் நேரத்தில் சொன்னால்தான் அடுத்தவருக்கு வழி கிடைக்கும், அது சின்ன வேலை இல்லை.

சீட்டு ஒட்டி ஆடுகிற அந்தஸ்து விளையாட்டைப் பற்றிச் சொல்ல முடியுமா?

எனக்கு நேரம் போதாமல் போகிற விளையாட்டு இதுதான். சீட்டுக்கட்டிலிருந்து ஆளுக்கு ஒரு சீட்டு, நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் சீட்டு உங்களுக்குத் தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். 2 கடைநிலை, ஏஸ் உச்சம். ஒரு விருந்தில் சந்திப்பதாக வைத்துக்கொண்டு, எதிரில் வருகிறவரின் சீட்டைப் பார்த்து அதற்கேற்றபடி நடத்த வேண்டும். எண்ணைச் சொல்லக் கூடாது, திட்டவும் தேவையில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரவர் தன் அந்தஸ்தை ஊகித்து வரிசையில் நிற்க வேண்டும்.

2 ஒட்டியவரைக் கவனித்துப் பாருங்கள். அவர் பேச ஆரம்பித்ததும் எதிராளியின் கண் அவர் தோளுக்கு மேலே வேறு யாரையோ தேடும். பாதி வாக்கியத்தில் ஒருவர் நகர்ந்துவிடுவார். ராணி ஒட்டியவர் வந்ததும் வட்டம் தானாக விரியும், அதில் இவருக்கு இடம் இருக்காது. யாரும் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை, ஆனாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் இவர் தோள் இறங்கிவிடும், கை சட்டை நுனியைத் தேடும், வாக்கியம் குறுகிவிடும். வரிசையில் நிற்கச் சொன்னால் இரண்டு கோடியிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் சரியான இடத்தில் போய் நின்றுவிடுகிறார்கள், நடுவில்தான் குழப்பம். தமிழில் ஆடும்போது இன்னும் ஒரு வசதி உண்டு. "வாங்க" என்றா "வா" என்றா "வந்துட்டியா" என்றா என்பதிலேயே பாதி அந்தஸ்து முடிவாகிவிடும், அதனால் நன்றாகப் பழகிய குழுவுக்கு எல்லோரும் எல்லோரையும் "நீங்க" என்றுதான் அழைக்க வேண்டும் என்று ஒரு தடை போடுவேன். அப்போது மேல், கீழ் எல்லாவற்றையும் கண்ணாலும் முதுகாலும் இடைவெளியாலும் காட்ட வேண்டிவரும், அங்கேதான் நடிப்பு.

அந்தஸ்தை நடிப்புப் பயிற்சிக்குள் கொண்டுவந்தது ஜான்ஸ்டன்தான். சாதாரணப் பேச்சு மேடையில் ஏன் செத்துப்போகிறது என்று தேடிக்கொண்டிருந்தவர், எதிராளியைவிட ஒரே ஒரு படி மேலேயோ ஒரு படி கீழேயோ இருக்கப் பாருங்கள் என்று நடிகர்களிடம் சொல்லிப் பார்த்தார், அறை உடனே மாறிவிட்டது. பேசும்போது தலையை அசைக்காமல் வைத்திருப்பது அவர் சொன்ன சின்ன வித்தை. வேறொன்றும் செய்ய வேண்டாம், அதை மட்டும் செய்துவிட்டு எதிரில் இருப்பவர் எப்படிச் சுருங்குகிறார் என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. விளையாட்டு முடிந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்துக் கைகுலுக்க வைக்க வேண்டும். 2 வாங்கியவர் சிலருக்கு அது உள்ளே தங்கிவிடும்.

ஆடிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் நடுவில் குரல் கொடுக்கிறார். நிறுத்த வேண்டுமா?

நிறுத்தாதீர்கள், திரும்பியும் பார்க்காதீர்கள். "கயிறு!", "அவர் கண்ணைப் பார்!", "பேசாமல் காட்டு!" என்று வருவதெல்லாம் கவனம் நழுவுகிற இடத்தில் அதைத் திரும்ப விளையாட்டின்மேல் வைப்பதற்கு. ஸ்போலின் முறையில் இது முக்கியமான கருவி. காதில் வாங்கிக்கொண்டே தொடருங்கள். ஆனால் அந்தக் குரல் "இப்படிப் பேசு, அப்படிப் போ" என்று சீனையே இயக்க ஆரம்பித்தால் நடத்துகிறவர்தான் விலகிப்போகிறார்.

கேள்வி கேட்காதே என்கிறார்களே?

"யார் நீ?", "இது என்ன இடம்?", "கையில என்ன?" என்று கேட்டால் கட்டுகிற வேலை முழுக்க எதிராளி தலையில் போய் விழுகிறது. கேள்விக்குப் பதிலாகச் சொல்லிவிடுங்கள். "கையில என்ன?" என்பதைவிட "அந்தச் சாவிய இன்னும் வச்சிருக்கியா" எவ்வளவோ மேல். நிரந்தர விதி இல்லை இது, பழகும்வரைக்கும் ஒரு ஊன்றுகோல்.

குழுவில் ஒருவரே பேசித் தீர்த்துவிடுகிறார். என்ன செய்வது?

அவரை உட்கார வைத்துப் புத்தி சொல்வதைவிட விளையாட்டை மாற்றுங்கள். ஒரு தடவைக்கு மூன்று வார்த்தைக்கு மேல் பேசக் கூடாது என்று ஒரு சீன். எதிராளியின் கடைசி வார்த்தையில்தான் தன் வரியை ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு சீன். "நாளைக்கு அவன் வர்றான்." "வர்றானா, வரட்டும்." தமிழ்ப் பேச்சுக்கு இது அப்படியே பொருந்தும், கடைசி வார்த்தை வரை கேட்டால்தான் வாயைத் திறக்க முடியும். அவர் கெட்டவர் இல்லை, மௌனத்துக்குப் பயப்படுகிறார். மௌனத்தில் ஒன்றும் உடைந்துவிடாது என்று அவருக்கே தெரியும்வரை பொறுத்திருங்கள்.

கூச்சம் அதிகம். எல்லோரும் பார்க்க நிற்க முடியாது.

நல்ல வகுப்பில் ஆரம்பத்தில் யாரும் தனியாக நிற்க மாட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடுவார்கள், பார்ப்பதற்கு ஆளே இருக்காது. அடுத்து ஜோடி ஜோடியாக, அப்புறம் பாதிப் பேர் ஆட பாதிப் பேர் பார்க்க. புரியாத மொழியில் பேசுகிற விளையாட்டைக் கேட்டு வாங்கி ஆடுங்கள், அர்த்தமே இல்லாத ஒலிகளில் ஒருவர் கோபமாக உரையாற்றுவார், இன்னொருவர் அதை மொழிபெயர்ப்பார். வார்த்தையைத் தேட வேண்டிய சுமை போனதும் கூச்சக்காரர்களின் கை எவ்வளவு பேசும் என்பது அப்போது தெரியும்.

தொடுவது, தனிப்பட்ட விஷயங்கள், இதற்கெல்லாம் எல்லை உண்டா?

கட்டாயம் உண்டு. விளையாட்டு தொடங்குவதற்கு முன்பே எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று ஜோடிகள் பேசிக்கொள்ள வேண்டும். யாராவது "நிறுத்து" என்றால் அந்த நொடியில் நிற்க வேண்டும், ஏன் என்று விளக்கம் கேட்கக் கூடாது. ஒருவருடைய உடம்பையோ பேச்சையோ பிறப்பையோ வைத்துச் சிரிப்பு வாங்குவதை நான் அனுமதிப்பதில்லை, அது மற்றவர்கள் எல்லோருடைய வாயையும் அடைத்துவிடும். பயமில்லாமல் தப்பு செய்ய முடிகிற அறையில்தான் இம்ப்ரோ நடக்கும். இந்த ஏற்பாடு எதுவும் இல்லாத வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வசனம் எழுதிய நாடகத்திலும் கேமரா முன்னாலும் நடிக்க விரும்புகிறேன். இது உதவுமா?

உதவும். வசனம் மாறாது, ஆனால் எதிராளி அதைச் சொல்கிற விதம் ஒவ்வொரு தடவையும் மாறும், அதைக் கேட்டுப் பதில் சொல்வதுதான் நடிப்பு. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி தன் ஒத்திகைகளில் வசனத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சூழ்நிலையை மட்டும் நடித்துப் பார்க்கச் சொன்னார். அமெரிக்க நடிப்பு ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னரின் திரும்பச் சொல்லும் பயிற்சியில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணில் பட்ட ஒன்றை, "நீ சிரிக்கிறாய்" என்பது மாதிரி, மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், வார்த்தை அதேதான், அதற்குள் உணர்ச்சி மாறிக்கொண்டே போகும். இயக்குநர் மைக் லீ எழுதி முடித்த திரைக்கதை இல்லாமல் நடிகர்களோடு நீண்ட காலம் இம்ப்ரோ செய்து பாத்திரங்களை வளர்த்து, அதிலிருந்து காட்சிகளை உறுதிசெய்து படமெடுப்பவர்.

நடிகனாகிற எண்ணம் இல்லை. வரலாமா?

தாராளமாக. பிரேசில் நாடக இயக்குநர் அகுஸ்தோ போவால் (1931–2009) தன் விளையாட்டுகளை நடிகர் அல்லாதவர்களுக்கும் சேர்த்தே வகுத்தார். அவருடைய ஃபோரம் தியேட்டரில், ஒடுக்கப்பட்ட ஒருவர் தோற்றுப்போகிற காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி, அந்தப் பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு வழியை முயன்று பார்க்கலாம்.

விளையாட்டில் நன்றாகச் செய்கிறேன், சீன் என்றதும் உறைந்துவிடுகிறேன்.

ரொம்பப் பேருக்கு இப்படித்தான். சீன் என்ற பெயரைக் கேட்டதும் கவனம் திரும்பத் தன்மேலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதனால் சீனுக்குள்ளும் ஒரு விளையாட்டை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி எப்போதெல்லாம் மூச்சை இழுக்கிறார் என்று பார்ப்பது, அவரைவிட ஒரு படி கீழே இருப்பது, இருவருக்கும் நடுவில் அந்தக் கயிறு இன்னும் இருப்பதாக எடுத்துக்கொள்வது, ஏதாவது ஒன்று. யாருக்கும் சொல்ல வேண்டாம். யார், எங்கே, என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற மூன்றை மட்டும் ஆரம்பத்திலேயே இருவரும் சேர்ந்து நிறுவிவிட்டு, மீதியை அந்த விளையாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

மேடையில் பார்வையாளர் முன்னால் எப்போது ஆடலாம்?

குழு ஒருவரை ஒருவர் கவனிக்கப் பழகியதும். காலக்கெடு வைக்காதீர்கள். மேடை இம்ப்ரோவிலும் வகைகள் உண்டு. ஜான்ஸ்டன் மல்யுத்தப் போட்டிகளின் கூட்ட உற்சாகத்தைப் பார்த்து உருவாக்கிய தியேட்டர்ஸ்போர்ட்ஸில் இரண்டு அணிகள் மோதும், நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். சிகாகோவில் இம்ப்ரோ கற்றுக்கொடுத்த டெல் க்ளோஸ் வளர்த்த ஹெரால்டு என்ற வடிவத்தில் பார்வையாளர் கொடுத்த ஒரே வார்த்தையிலிருந்து பல சீன்கள் கிளைத்துக் கடைசியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். முதலாவதில் தொடங்குவது நல்லது, அதில் ஒவ்வொரு சீனும் சின்னது, சொதப்பினாலும் அடுத்தது உடனே வந்துவிடும். 1968 வரை பிரிட்டனில் மேடையேற்ற வேண்டிய பிரதியை அரசின் தணிக்கைக்கு முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும், பிரதியே இல்லாத இம்ப்ரோவுக்கு அனுமதி எப்படி வாங்குவது? அந்தக் காலத்திலும் ஜான்ஸ்டன் ஆட்கள் கூட்டத்துக்கு முன்னால் ஆடியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் உற்சாகமாக இருக்கிறது.

நான் வகுப்பு நடத்தப்போகிறேன். ஒரு விளையாட்டை எப்போது நிறுத்துவது?

உச்சத்தைத் தொட்டதும், களைப்பு வருவதற்கு முன். இன்னும் ஒரு சுற்று ஆடலாமே என்று கேட்கிறார்கள் என்றால் சரியான நேரத்தில் நிறுத்திவிட்டீர்கள். விதியை விளக்குவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் ஆடவைத்துக்கொண்டே விளக்குங்கள். ஜெயித்தவர், தோற்றவர் என்று பெயர் சொல்லாதீர்கள், "அருமை" என்று ஒருவரை மட்டும் புகழ்வதும் அப்படித்தான், அடுத்த சுற்றில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்து ஆடுவார்கள்.

வீட்டில் தனியாக என்ன செய்யலாம்?

முழுசாகக் கற்க முடியாது, எதிரில் ஆள் வேண்டும். ஆனாலும் மூன்று காரியம் செய்யலாம். இல்லாத பொருளைக் கையாளுங்கள், ஒரு ஜாடியின் மூடியைத் திறந்து மேஜையில் வைத்து, அறையைச் சுற்றி வந்து, அதே இடத்தில் அதே அளவில் அதை எடுத்து மூடுங்கள். கை பெரும்பாலும் ஓரங்குலம் தள்ளித்தான் போகும். ரேடியோவிலோ போனிலோ ஏதாவது ஓடும்போது நிறுத்தி, கடைசி வார்த்தையை எடுத்து அரை நிமிடம் நிற்காமல் சத்தமாகப் பேசுங்கள், திருத்தாமல். பொது இடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் வார்த்தை காதில் விழாத தூரத்திலிருந்து யார் மேலே, யார் கீழே, எந்த நொடியில் மாறியது என்று பாருங்கள். அடுத்த வகுப்பில் அந்த இருவரில் ஒருவராக ஒரு சீன் கேட்டு வாங்குங்கள்.